துல்லியப் பண்ணையம்: தர்மபுரி காட்டிய வழியும் திராட்சைப் பந்தலும்



ஒரே வயல். ஒரே கிணற்றுத் தண்ணீர். ஒரே நாளில் நட்ட பயிர். ஆனாலும் மேற்கு மூலையில் செழித்து நிற்கிறது, கிழக்கு ஓரத்தில் வெளுத்துக் கிடக்கிறது. இதை நம்மில் பார்க்காதவர் யாருமே இல்லை. "அந்தப் பக்கம் மண்ணு அப்படி" என்று சொல்லிவிட்டு, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு உரத்தை வீசிவிட்டு வந்துவிடுகிறோம். செழித்த பக்கத்துக்கு அது மிச்சம். வெளுத்த பக்கத்துக்கு அது போதாது. இப்படி வீணாகிற உரமும் தண்ணீரும் எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

அந்தக் கணக்கைப் பார்ப்பதற்குத்தான் துல்லியப் பண்ணையம் என்று பெயர். எந்த இடத்துக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் கொடுப்பது. பேர்தான் புதுசு. விஷயம் நம் பாட்டன் பூட்டனுக்கும் தெரிந்ததுதான். புதுசா வாங்கிய கன்றுக்குப் பக்கத்தில் ஓட்டைப் பானையைப் புதைத்து, தண்ணீர் ஊற்றிவைத்துக் கசியவிட்டார்களே, அது என்ன? அதுவும் துல்லியம்தான். இன்று அதை ஒரு மாவட்ட அளவில் செய்து காட்டிய இடம் எது தெரியுமா? நம்ம தர்மபுரிதான். அந்தக் கதையையும், அதிலிருந்து திராட்சை பயிரிடுகிறவர்களுக்குக் கிடைக்கும் பாடத்தையும் இன்று பேசுவோம்.

முதலில் திராட்சையின் பழைய கதை

துல்லியம் என்பது உற்றுப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது என்பதற்குத் திராட்சையே சாட்சி. பிரான்ஸ் நாட்டில் போர்டோ என்று ஒரு பகுதி. அங்கே சாலை ஓரத்துத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்றுவிடுவார்கள். இதைத் தடுக்க, ஓரத்து வரிசைகளுக்கு மட்டும் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்துவைத்தார்கள். இலையெல்லாம் நீலமாக இருந்தால் விஷம் என்று பயந்து யாரும் தொடமாட்டார்கள் அல்லவா? 1882-இல் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் அந்த வழியே போனபோது ஒன்றைக் கவனித்தார். அடிச்சாம்பல் நோய் வந்து உள்ளே இருந்த கொடியெல்லாம் இலை உதிர்ந்து நிற்க, திருடனுக்குப் பயந்து மருந்தடித்த ஓரத்து வரிசை மட்டும் பச்சையாக நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு சோதனைகள் செய்து, 1885-இல் உலகத்துக்கு வெளியிட்டார். இன்றைக்கும் நாம் தெளிக்கிற போர்டோ கலவை அதுதான். ஒரு சதவீதக் கலவை என்றால், 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ நீர்த்த சுண்ணாம்பு.

ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்த கண்ணிலிருந்துதான் அந்த மருந்து பிறந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தமிழ்நாட்டுக்குப் பன்னீர்த் திராட்சை வந்தது 1832-ஆம் ஆண்டு வாக்கில், ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மூலமாக என்று சொல்வார்கள். வெளிநாட்டில் அதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பேர். இன்று அந்தக் கொடியின் தலைநகரம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. மற்ற ஊர்களில் பருவத்துக்குத்தான் திராட்சை. கம்பத்தில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பந்தலில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே ஆனைமலையான்பட்டியில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் திராட்சைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. மத்திய அரசின் தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் 1997-இல் புனே பக்கத்து மாஞ்சரியில் ஏற்பட்டது.

தர்மபுரியில் நடந்தது என்ன?

நம்ம தர்மபுரிக்குத் திராட்சை பெரிய பயிர் இல்லை. தக்காளி, மா, கேழ்வரகு, சாமை, கரும்பு, மஞ்சள், மரவள்ளி இவைதான் இங்கே கூடுதல். ஆனால் நம்ம மாவட்டத்துக்கு ஒரு பெரிய ஆசான் உண்டு. அதன் பேர் தண்ணீர்ப் பஞ்சம். ஒகேனக்கல்லில் காவிரி கொட்டுகிறது. ஆனால் மேட்டு நிலத்துக் காட்டுக்கு அந்தத் தண்ணீர் ஏறிவருமா? கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பித்தான் பிழைப்பு.

2002 முதல் மழை பொய்த்தது. கிணறு வறண்டது. போட்ட ஆழ்துளைக் கிணற்றுக்கு வாங்கிய கடன் நின்றது. 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதே ஆண்டில், அதாவது 2004–05-இல், தமிழக அரசு ரெண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு துல்லியப் பண்ணையத் திட்டம் என்று பெயர். நடத்தும் பொறுப்பு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு. அதற்குப் பொறுப்பு அலுவலராக இருந்தவர் பேராசிரியர் வடிவேல்.

மூன்று ஆண்டு, 400 ஹெக்டேர், அதாவது 1,000 ஏக்கர், மொத்தச் செலவு 7 கோடியே 20 லட்சம் ரூபாய். முதல் ஆண்டு 100 ஹெக்டேர், ரெண்டாம் ஆண்டு 200, மூன்றாம் ஆண்டு 100. ஒரு ஹெக்டேருக்குச் சொட்டு நீர்க் குழாய் போட 75,000 ரூபாய், பயிர்ச் செலவுக்கு 40,000 ரூபாய். முதல் பயிரை விஞ்ஞானிகள் கூடவே நின்று வழிகாட்டுவார்கள். அதற்குப் பிறகு வரும் ஐந்து பயிரை விவசாயியே சொந்தப் பொறுப்பில் எடுக்கவேண்டும். இதுதான் ஏற்பாடு.

இதைக் கேட்டதும் நம் ஆட்கள் ஓடிவந்து கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. முதல் ஆண்டு யாரும் முன்வரவில்லை. முழு மானியம் என்று சொல்லியும் வரவில்லை. ஏன்? தொடர்ந்த வறட்சியில் நொந்துபோய் இருந்தவர்கள். "குழாய் போட்டால் மட்டும் வானம் பெய்யுமா?" என்று கேட்டால், அதில் நியாயம் இருக்கத்தானே செய்கிறது? கஷ்டப்பட்டு 100 ஹெக்டேருக்கு ஆள் சேர்த்தார்கள். அந்த வயல்களில் காய் இறங்கி, சந்தையில் நல்ல விலைக்குப் போன பிறகு கதை மாறிப்போனது. ரெண்டாம் ஆண்டு மானியம் 90 சதவீதமாகவும் மூன்றாம் ஆண்டு 80 சதவீதமாகவும் குறைந்தது. ஆனாலும் பேர் கொடுத்தவர்கள் கூட்டம் கூடிக்கொண்டே போனது. நம் விவசாயி காதால் கேட்டு நம்புகிறவன் அல்ல, கண்ணால் பார்த்து நம்புகிறவன் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

1966-இல் தஞ்சாவூரில் வானொலியில் கேட்டுக் கேட்டு ஆடுதுறை 27 நெல்லை நட்டார்கள், அதற்கு 'ரேடியோ நெல்லு' என்றே பேர் வைத்தார்கள் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அங்கேயும் பக்கத்து வயலைப் பார்த்த பிறகுதான் ஊரே நட்டது.

என்னென்ன செய்தார்கள்?

முதலில் மண். செயற்கைக்கோள் படத்தின் உதவியால் மண் வகையைப் பிரித்துப் பார்த்தார்கள். மண் மாதிரி எடுத்துப் பரிசோதித்தார்கள். எந்தக் காட்டில் என்ன குறை என்று தெரிந்த பிறகே உரக் கணக்கு.

அடுத்தது உழவு. வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் டிராக்டர் ஓட்டி ஓட்டி, மேல்மண்ணுக்குக் கீழே கட்டாந்தரை மாதிரி ஒரு படுகை இறுகிக் கிடக்கும். வேர் அதைத் தாண்டாது. மழைத் தண்ணீரும் கீழே இறங்காது. உளிக்கலப்பையால் ஒன்றரை அடி ஆழத்துக்கு அதை உடைத்தார்கள்.

மூன்றாவது நாற்று. மேட்டுப்பாத்தியில் விதையைத் தூவி, பிடுங்கி நடும்போது வேர் அறுந்து, பாதி செத்துப்போகும் கதை நமக்குத் தெரியும். அதற்குப் பதில் குழித்தட்டில், மட்கிய தென்னைநார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு வீரிய ஒட்டு விதை போட்டு, நிழல்வலைக்குள்ளே வளர்த்தார்கள். பல பேருக்குச் சேர்த்து ஒரே இடத்தில் சமுதாய நாற்றங்கால். நட்டால் செடி தலை சாயாது. வயல் முழுக்க ஒரே சீராக எழும்.

நான்காவது சொட்டு நீரும் அதன் வழியே உரமும். சொட்டு நீர்ப் பாசனம் இஸ்ரேலில் சிம்கா பிளாஸ் என்ற பொறியாளர் உருவாக்கி, 1965-இல் அங்கே ஹட்சரிம் என்ற கூட்டுப்பண்ணையில் தொழிலாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் 1970-களின் தொடக்கத்திலேயே கோவையில் ஆராய்ச்சி தொடங்கியாயிற்று. ஆனால் ஆராய்ச்சிப் பண்ணையில் இருந்ததை விவசாயி காட்டுக்கு இத்தனை பெரிய அளவில் கொண்டுவந்தது தர்மபுரியில்தான். தண்ணீரில் முழுவதும் கரையும் உரங்கள், 19:19:19 என்பது போல, பயிரின் வயதுக்குத் தகுந்தபடி குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். குழந்தைக்கு ஒரே வேளையில் ஒரு வார்த்துச் சோற்றை ஊட்டுகிறோமா? பயிருக்கும் அப்படித்தான்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியம், சங்கம். துல்லியப் பண்ணைய விவசாயிகள் சங்கம் என்று ஊர் ஊராகச் சேர்ந்தார்கள். சேர்ந்து கூடிப் பேசுவது, இடுபொருளைச் சேர்ந்து வாங்குவது, காயைத் தரம் பிரித்துச் சேர்ந்து விற்பது. தனித்தனியாக நாலு கூடை கொண்டுபோனால் மண்டியில் அவர் சொன்னதுதான் விலை. ஒரு லாரிச் சரக்காகப் போனால் மண்டிக்காரர் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுவார். பின்னாளில் இவர்கள் சேர்ந்து கம்பெனியாகவே பதிவு செய்துகொண்டார்கள்.

பலன் எவ்வளவு?

"எல்லாம் சரி ஐயா, கையில் என்ன மிஞ்சியது?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் தர்மபுரி மாவட்டத்தில் கணக்கெடுத்து 2008-இல் வெளியிட்டார்கள். துல்லியப் பண்ணையம் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டபோது, தக்காளியில் மகசூல் 80 சதவீதம் கூடியிருந்தது; கத்தரியில் 34 சதவீதம். செலவு போக நின்ற தொகை தக்காளியில் 165 சதவீதமும் கத்தரியில் 67 சதவீதமும் கூடியிருந்தது. அதாவது தக்காளியில் முன்பு 100 ரூபாய் நின்ற இடத்தில் 265 ரூபாய் நின்றிருக்கிறது.

அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொன்னது. இதை நாம் மறைக்கக்கூடாது. இந்த முறைக்கு வராதவர்கள் ஏன் வரவில்லை என்று பார்த்தால், முதல் காரணம் பணமும் கடன் வசதியும் இல்லாததுதான். அறிவு இல்லாமல் அல்ல, ஆசை இல்லாமலும் அல்ல. கிணறும் முதலும் இருக்கிறவனுக்கு வழி திறந்தது. அது ரெண்டும் இல்லாதவன் வேலி ஓரத்தில் நின்று பார்த்தான். எந்த நல்ல ஆராய்ச்சியும் கடைசி மனிதன் காட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துத்தான் மார்க் போடவேண்டும். திட்டம் முடிந்த பிறகு 2007–08 முதல் இந்த முறையை மற்ற மாவட்டங்களுக்கும் அரசு எடுத்துச் சென்றது. சொட்டு நீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் இன்று சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. அந்த வகையில் தர்மபுரியில் விதைத்தது வீண்போகவில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சொட்டு நீர் போட்டதால் மிச்சமான தண்ணீரை என்ன செய்கிறோம்? ஒரு ஏக்கருக்கு ஓட்டிய கிணற்றை ரெண்டு ஏக்கருக்கு ஓட்டினால், நிலத்தடி நீர் முன்பு போலவேதான் இறங்கும். மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கையாவது பூமிக்கு விட்டுவைக்கவேண்டும். அந்தக் கணக்கைக் குழாய் பார்க்காது, நாம்தான் பார்க்கவேண்டும்.

திராட்சைக்கு இது எப்படிப் பொருந்தும்?

தக்காளியில் ஒரு தப்பு செய்தால் நாலு மாதத்தில் தெரிந்துபோகும். அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம். திராட்சை அப்படியா? கல்தூண், கம்பி, பந்தல் என்று முதலைக் கொட்டி நட்டாயிற்று என்றால், பத்துப் பதினைந்து வருஷத்துக்கு அந்தக் கொடியோடுதான் குடித்தனம். ஆகவே துல்லியம் தக்காளிக்காரரைவிடத் திராட்சைக்காரருக்கு இன்னும் அவசியம்.

மேல்நாட்டில் இதைத் திராட்சையில்தான் வெகு சீக்கிரம் கையாண்டார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில், 1990-களில் வேரைத் தின்னும் பில்லோக்சரா என்ற பேன் போன்ற பூச்சி தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. விண்வெளி ஆராய்ச்சி செய்யும் நாசா நிறுவனம் 1993-இல் அங்கே ஒரு திராட்சைப் பண்ணையோடு சேர்ந்து, ஆகாயத்திலிருந்து கொடிகளைப் படம்பிடித்தது. கொடி எங்கே நலிகிறது என்று கண்ணுக்குத் தெரியுமுன்பே படம் காட்டியது. பூச்சிக்காகத் தொடங்கிய வேலையில் இன்னொரு லாபமும் வந்தது. ஒரே தோட்டத்தில் எந்தப் பகுதி செழிப்பு, எந்தப் பகுதி மெலிவு என்று பிரித்து, பகுதி பகுதியாக அறுவடை செய்யப் பழகிக்கொண்டார்கள்.

நமக்கு விமானம் வேண்டாம். நாம் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

ஒன்று: நடுவதற்கு முன்பே மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனை செய்யுங்கள். உப்புத் தண்ணீரோ வறட்சியோ இருக்கிற இடத்தில் டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்று நல்லது. அது அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதிக் காட்டுத் திராட்சை இனம். வேர் அதனுடையது, பழம் நம்முடையது.

ரெண்டு: இலைக்காம்புப் பரிசோதனை. கவாத்து செய்த 45-ஆம் நாள், அடியிலிருந்து ஐந்தாவது இலையின் காம்பை, தோட்டத்தில் பரவலாகப் பல கொடிகளிலிருந்து சேகரித்துப் பரிசோதனைக்கு அனுப்பினால், கொடி உண்மையில் எந்தச் சத்தைச் சாப்பிட்டிருக்கிறது என்று தெரியும். மண்ணில் இருப்பது வேறு, கொடிக்குள் போயிருப்பது வேறு. சட்டியில் சோறு இருந்தால் பிள்ளை சாப்பிட்டுவிட்டான் என்று அர்த்தமா?

மூன்று: கவாத்தைக் கொடி பார்த்துச் செய்யுங்கள். நன்றாக முற்றிய கிளையில், பன்னீருக்கு நாலு கண் விட்டு வெட்டுவது காய்ப்புக்கு. மெலிந்த கிளையை ஒன்று ரெண்டு கண்ணோடு வெட்டுவது வளர்ச்சிக்கு. ஆள் வைத்து ஒரே மாதிரி வெட்டித் தள்ளினால் கூலி மிஞ்சும், குலை மிஞ்சாது.

நாலு: தண்ணீரைக் காலம் பார்த்துக் கொடுங்கள், காலம் பார்த்து நிறுத்துங்கள். கவாத்துக்கு ஒரு வாரம் முன்பும், அறுவடைக்கு ஒரு வாரம் முன்பும் நிறுத்தவேண்டும். சொட்டு நீர்க் குழாய் இருந்தால் இது ஒரு வால்வைத் திருப்பும் வேலை.

ஐந்து: நோய்க்கு நாள் பார்த்து மருந்தடிக்காமல், வானிலை பார்த்து அடியுங்கள். அடிச்சாம்பல் நோய் வருவது இலை நெடுநேரம் ஈரமாக இருக்கும்போது. மகாராஷ்டிரத்தில் நாசிக், சாங்லி பக்கம் தோட்டத்திலேயே சிறு வானிலைக் கருவி வைத்து, இலை ஈரத்தையும் அளந்து, மருந்துக்கு நேரம் குறிக்கிறார்கள். கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மழை பெய்த நாள், பனி விழுந்த நாள், நோய் முதலில் தெரிந்த வரிசை, அடித்த மருந்து, அடித்த தேதி எல்லாம் எழுதிவையுங்கள். மூன்று வருஷத்து நோட்டு ஒரு கருவிக்குச் சமம்.

கடைசியாக ஒரு வார்த்தை. தர்மபுரியில் அந்த ஆயிரம் ஏக்கரில் போட்ட குழாய்க்கு ஒரு ஆயுள் உண்டு. வெயிலில் காயும், எலி கடிக்கும், ஒருநாள் மாற்றவேண்டி வரும். மானியமும் ஒருநாள் தீரும். தீராமல் நிற்பது ரெண்டே ரெண்டு. ஒன்று, விவசாயி தன் காட்டை மூலைக்கு மூலை உற்றுப் பார்க்கப் பழகிக்கொண்ட பழக்கம். இன்னொன்று, பத்துப்பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசிய சங்கம். காய்கறிக்காரர் கற்றுக்கொண்ட இந்த ரெண்டையும் திராட்சைக்காரரும் எடுத்துக்கொண்டால், பந்தல் தானாக நிரம்பும்.

நாளைக் காலையில் காட்டுக்குப் போகும்போது, வழக்கமாகப் போகிற வரப்பை விட்டுவிட்டு, கிழக்கு ஓரம் வரைக்கும் ஒரு நடை நடந்து பாருங்கள். எந்த வரிசை வெளுத்திருக்கிறது, ஏன் என்று நின்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கோ அந்த மண்ணில் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு போங்கள்.